ஆலைக்குப் போகாதவர்களின் ஆலை நோய்

ஆனியும் ஆடியும் வந்துவிட்டால் அயலூராருக்கெல்லாம் குற்றாலத்தின் நினைவு வந்துவிடும். எந்த அருவியில் எவ்வளவு தண்ணீர் விழுகிறது என்பது தினந்தோறும் பத்திரிகைச் செய்தியாகும். வடகரையிலும் அச்சன்புதூரிலும் பண்பொழியிலும் குடியிருக்கும் எளிய ஜனங்களுக்கோ அதே பருவம் வேறொரு கவலையையும் கொண்டு வருகிறது. செங்கோட்டைக் கணவாயின் வழியே மலையைத் தாண்டி இறங்கும் மேல்காற்று சாரலைத் தூவிவிட்டுப் போவதோடு திருப்தியடைவதில்லை. கூரையையும் அசைத்துப் பார்க்கிறது. கொக்கி தளர்ந்த தகடு ஒன்று கிளம்பி அடுத்த வீட்டு முற்றத்தில் விழுந்து நொறுங்குகிறது. மறுநாள் காலையில் அவ்வீட்டுப் பெண் அந்த நொறுங்கலை விளக்குமாற்றால் கூட்டி வாரித் தெருமுனைப் பள்ளத்தில் கொட்டுகிறாள். கொத்தனார் வந்து புதுத் தகட்டை ரம்பத்தால் அறுத்துத் துளையிட்டு மாட்டுகிறார். சாம்பல் நிறத் தூள் அவர் தலையிலும், கீழே உட்கார்ந்து பீடி சுற்றும் பெண்களின் முறத்திலும் படிகிறது. உடைந்த சில்லை எடுத்துச் சிறுமிகள் தரையில் கோடு கிழித்துப் பாண்டி விளையாடுகிறார்கள்.

நம் ஜனங்கள் சிமெண்டு ஷீட்டு என்றும் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டு என்றும் வழங்கும் இந்தத் தகட்டில் பெரும்பகுதி சிமெண்டுதான். நூற்றில் பத்துப் பங்கு அளவே கல்நார் கலந்திருக்கிறது. ஆயினும் அந்தப் பத்துப் பங்கைப் பற்றித்தான் இங்கே எழுத வேண்டியிருக்கிறது. கல்நாரால் வரும் நோய் கல்நார் ஆலைத் தொழிலாளியின் நோய் என்றே நம் நாட்டுச் சட்டம் எண்ணிக்கொண்டிருக்கிறது. உண்மை அப்படியில்லை. ஆலையின் வாசற்படியை ஒரு நாளும் மிதியாதவர்கள், ஆலைத் தொழிலாளியின் மனைவிமார், ஆலைக்குப் பக்கத்துத் தெருவில் விளையாடிய குழந்தைகள் ஆகியோரையும் அந்நோய் கொன்றிருக்கிறது. இது உலகத்துக்குத் தெரிந்து 60 ஆண்டுகளுக்கு மேலாகிறது. நம் சர்க்காருக்கு மட்டும் இன்னும் தெரியவில்லையென்று சொன்னால், அதை அறியாமை என்று மன்னிப்பதற்கில்லை.

கல்நார் என்பது பூமியிலிருந்து வெட்டி எடுக்கப்படும் ஒருவகைக் கல். நாரைப் போல் உரிவதால் அதற்கு அப்பெயர் ஏற்பட்டது. உரிக்க உரிக்க அது மேலும் மேலும் மெல்லிய இழையாகும். கடைசியில் தலைமயிரைவிடப் பலமடங்கு மெல்லியதாகிக் கண்ணுக்குத் தெரியாமற் காற்றில் மிதக்கும். தீயில் வேகாது, மண்ணில் மட்காது, அமிலத்துக்கும் எளிதில் இணங்காது. எந்தக் குணங்களுக்காக வியாபாரிகள் அதைக் கொண்டாடினார்களோ, அதே குணங்களே மனித உடலுக்குள் விஷமாகின்றன. மூச்சோடு உட்சென்ற இழையை நுரையீரலின் காவல் அணுக்கள் விழுங்கிக் கரைக்கப் பார்க்கின்றன. இயலாமல் தாமே மடிகின்றன. சில இழைகள் நுரையீரலைக் கடந்து, அதைச் சுற்றி மூடியிருக்கும் மெல்லிய உறையில் போய்த் தைக்கின்றன. வைத்தியர்கள் புளூரா என்று சொல்லும் அவ்வுறையில் பல ஆண்டுகள் புண்ணும் அழற்சியுமாக இருந்து, முடிவில் புற்று உண்டாகிறது. அதற்கு மீசோதீலியோமா என்று பெயர். மூச்சுத் திணறும், மார்பு வலிக்கும், உறைக்குள் நீர் கோக்கும். நோய் கண்டபின் பெரும்பாலோர் ஓராண்டு, ஒன்றரை ஆண்டுக்குமேல் பிழைப்பதில்லை.

இந்த நோயின் கொடுமை அதன் தாமதத்தில் இருக்கிறது. இழை உட்சென்ற நாளுக்கும் நோய் வெளிப்படும் நாளுக்கும் இடையே 30 ஆண்டும் ஆகலாம், 40 ஆண்டும் ஆகலாம். பத்து வயதில் பாண்டி ஆடிய சிறுமி ஐம்பது வயதில் பாட்டியாகி மூச்சு வாங்கும்போது, எந்த வைத்தியர் அவளுடைய பாண்டிச் சில்லைப் பற்றிக் கேட்கப் போகிறார்?

பயமுறுத்துவது நமது நோக்கமன்று. ஆகையால் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுவோம். இது அரிய நோய். கல்நார்த் தகட்டின்கீழ் குடியிருப்பவருக்கெல்லாம் வருவதன்று. விரிசலின்றி, அசையாமல், தலைக்கு மேல் கிடக்கும் நல்ல தகட்டிலிருந்து இழை உதிர்வது மிகச் சொற்பம். அறுக்கும்போதும், துளையிடும்போதும், உடைக்கும்போதும், தேய்த்துக் கழுவும்போதும், நாட்பட்டு மழையிலும் வெயிலிலும் மேற்பூச்சு அரிக்கப்படும்போதும்தான் அபாயம் மிகுகிறது. மூச்சிற் சேர்ந்த அளவு கூடக்கூட நோய்க்கான வாய்ப்பும் கூடுகிறது. ஆனால் இவ்வளவு வரைக்கும் குற்றமில்லை என்று வரையறுக்கத்தக்க ஓர் அளவை வைத்திய சாஸ்திரம் இதுகாறும் கண்டுபிடிக்கவில்லை.

ஆலைக்குப் போகாதவர்களையும் இந்நோய் பிடிக்கும் என்ற உண்மை முதன்முதலில் நிலைநாட்டப்பட்ட வரலாறு நம் நாட்டு வைத்தியர்கள் மனத்திற்கொள்ளத் தக்கது. தென்னாப்பிரிக்காவில் கிம்பர்லி நகரிலே சயரோக ஆஸ்பத்திரி ஒன்று இருந்தது. அதன் தலைவரான டாக்டர் ஸ்லெக்ஸ், மார்பில் நீர் கோத்து வரும் நோயாளிகளுக்கிடையே ஒரு விசித்திரத்தைக் கவனித்தார். கிழக்கிலிருந்து வந்தவர்களுக்குச் சயரோக மருந்து கொடுத்தால் குணமாயிற்று, மேற்கிலிருந்து வந்தவர்களுக்கு எந்த மருந்து கொடுத்தும் நீர் வற்றவில்லை, அவர்கள் இறந்துபோனார்கள். மேற்கே இருந்தவை நீலக் கல்நார் வெட்டும் குன்றுகள். ஜோகானஸ்பர்க்கில் பிரேத பரிசோதனை செய்துவந்த வாக்னரும், ஸ்லெக்ஸும், மார்ஷண்டும் சேர்ந்து 33 நோயாளிகளின் வரலாற்றை 1960-ல் வெளியிட்டார்கள். ஒருவரைத் தவிர மற்றெல்லாருக்கும் நீலக் கல்நாரோடு ஏதோ ஒருவகைத் தொடர்பு இருந்தது. ஆனால் எல்லாரும் சுரங்கத்தில் வேலை செய்தவர்களல்லர். அவர்களுள் பலர் சுரங்கப் பக்கத்து ஊர்களிற் பிறந்து வளர்ந்தவர்கள், அவ்வளவே.

மார்பில் நீர் கோத்தால் சயரோகம் என்று எண்ணுவது நம் நாட்டில் இன்றும் வழக்கம். பெரும்பாலும் அதுவே சரியாகவும் இருக்கிறது. நம்மிடம் சயம் அவ்வளவு மலிந்து கிடக்கிறது. ஆனால் ஆறு மாத மருந்து முடிந்தும் நீர் வற்றாதவர்களிடத்தில் வைத்தியர் என்ன கேட்கிறார்? தசைத் துண்டு எடுத்துச் சோதிக்கும் வசதி ஜில்லா ஆஸ்பத்திரிகளில் எத்தனையில் இருக்கிறது? இந்தியாவில் மீசோதீலியோமா மிகக் குறைவாகவே பதிவாகிறது என்று சிலர் ஆறுதல் கூறுகிறார்கள். தேடாத பொருள் கிடைக்கவில்லையென்று சொல்வது என்ன சாட்சியம்?

1965-ல் லண்டனில் மியூரியல் நியூஹவுஸ், ஹில்டா தாம்ஸன் என்ற இரு பெண்மணிகள் நடத்திய ஆராய்ச்சி இன்னும் துலக்கமானது. லண்டன் ஆஸ்பத்திரியில் பதிவான 76 மீசோதீலியோமா நோயாளிகளின் வாழ்க்கையை அவர்கள் துருவிப் பார்த்தார்கள். 31 பேர் கல்நார் வேலை செய்தவர்கள். ஒன்பது பேர் அந்த வேலையே செய்யவில்லை. அவர்கள் வீட்டில் ஒருவர் செய்தார். எஞ்சிய 36 பேருள் 11 பேர் ஒரு கல்நார் ஆலையிலிருந்து அரை மைல் தூரத்துக்குள் வசித்தவர்கள். கணவன் சட்டையில் ஒட்டிவந்த தூசியை உதறித் துவைத்ததே மனைவிக்கு யமனாயிற்று.

இதற்கு ஆலைகூட வேண்டியதில்லை. கிரேக்க தேசத்தில் மெட்சோவோ என்ற மலையூரில் ஜனங்கள் உள்ளூர் மண்ணைக் குழைத்துச் சுவருக்கு வெள்ளையடித்து வந்தார்கள். அந்த மண்ணில் டிரெமோலைட் என்ற கல்நார் கலந்திருந்தது. தலைமுறைக்குப்பின் அவ்வூரிலும் இதே புற்று தலைகாட்டியது.

இனி நம் தேசத்தை நேரே தொடும் விஷயத்துக்கு வருவோம். இங்கிலாந்தில் லீட்ஸ் நகரத்து ஆர்ம்லி பகுதியில் ஜே. டபிள்யூ. ராபர்ட்ஸ் என்ற கல்நார் ஆலை இருந்தது. டர்னர் அண்டு நியூவால் என்ற பெரிய கம்பெனிக்கு அது சொந்தம். ஆலையிலிருந்து வெளிவந்த தூசி சுற்றுத் தெருக்களில் பனி பெய்ததுபோல் படிந்து கிடக்கும். குழந்தைகள் அதைக் கையால் உருட்டி எறிந்து விளையாடுவார்கள். ஆலை 1950-களின் இறுதியில் மூடப்பட்டது; அந்தக் குழந்தைகள் வளர்ந்தார்கள், மூச்சு முட்டினார்கள். அவர்களுள் ஜூன் ஹான்காக் என்ற அம்மையாரும் ஒருவர். அவருடைய தாயார் 1982-ல் மீசோதீலியோமாவால் இறந்தார். தமக்கும் அதே நோய் கண்டபோது அவர் கம்பெனியின்மீது வழக்குத் தொடுத்தார். இதே நோயால் மாண்ட ஆர்தர் மார்கர்சன் என்பவரின் மனைவியும் உடன் வழக்காடினார். 1995 அக்டோபரில் நீதிபதி ஹாலண்ட் தீர்ப்பளித்தார். தூசி தீங்கானதென்று 1933 முதலாவது கம்பெனி அறிந்திருக்க வேண்டும். ஆலைக்குள்ளிருந்த தொழிலாளியிடம் காட்டவேண்டிய கவனத்துக்கு ஆலையின் மதிற்சுவர் எல்லையாகாது. வெளியே அதே தூசியில் விளையாடிய குழந்தைக்கும் கம்பெனி கடமைப்பட்டதே என்பது அத்தீர்ப்பின் சாரம். அப்பீல் கோர்ட்டும் 1996-ல் அதை உறுதிசெய்தது. ஜூன் ஹான்காக் 1997-ல் காலமானார்.

அதே 1995-ஆம் ஆண்டு ஜனவரியில் நம் சுப்ரீம் கோர்ட்டும் கல்நாரைப் பற்றி ஒரு பெரிய தீர்ப்பு வழங்கியது. நுகர்வோர் கல்வி ஆராய்ச்சி மையம் தொடுத்த வழக்கு அது. தொழிலாளியின் ஆரோக்கியம் அவனுடைய உயிர் வாழும் உரிமையின் பகுதியே என்று கோர்ட்டு கூறியது. தொழிலாளியின் உடல்நிலைக் குறிப்புகளை வேலையில் சேர்ந்த நாள் முதல் 40 ஆண்டுகள், அல்லது ஓய்வுபெற்ற பின் 15 ஆண்டுகள், இவற்றில் எது பிந்தியதோ அதுவரை பாதுகாக்க வேண்டும் என்றது. நோய் கண்டவருக்கு ஒரு லட்சம் ரூபாய் நஷ்டஈடு என்றும் விதித்தது. போற்றத்தக்க தீர்ப்பு. ஆனால் லீட்ஸில் தகர்ந்த அந்த மதிற்சுவர் டில்லியில் அப்படியே நின்றது. வெளியே இருப்பவரைப் பற்றிய கேள்வி அங்கே எழவே இல்லை.

லீட்ஸில் குற்றவாளிக் கூண்டில் நின்ற அந்த டர்னர் அண்டு நியூவால் கம்பெனி நமக்கு அந்நியரா? பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்திலேயே, 1930-களில், இந்தியாவில் கல்நார் சிமெண்டுத் தொழிலைத் தொடங்கியவர்களுள் அவர்களும் உண்டு. மத்தியப் பிரதேசத்தில் கட்னிக்குப் பக்கத்திலுள்ள கைமூரில் ஆலை நிறுவப்பட்டது. பின்னர் நம் கோயம்புத்தூரையடுத்த போத்தனூருக்கும் அத்தொழில் வந்து சேர்ந்தது. ஆலை பல கை மாறிவிட்டது. ஆனால் கைமூரில் ஆண்டாண்டாகக் கொட்டப்பட்ட கல்நார்க் கழிவு அந்த மண்ணோடு மண்ணாகக் கிடக்கிறது. அதன்மேல் ஜனங்கள் வீடு கட்டிக் குடியிருக்கிறார்கள். ஆராய்ச்சியாளர்கள் போய் மண்ணை எடுத்துப் பார்த்து இழைகளைக் கண்டிருக்கிறார்கள். ஜார்க்கண்டில் சாயிபாஸாவுக்குப் பக்கத்து ரோரோ மலையில் ஹைதராபாத் கல்நார்க் கம்பெனி நடத்திய சுரங்கம் 1983-ல் மூடப்பட்டது. சுரங்கத்தை விட்டுப் போனவர்கள் கழிவையும் மலைச்சரிவில் அப்படியே விட்டுப் போனார்கள். ஹோ பழங்குடியினர் அதன் அடிவாரத்திலே வயலுழுது வாழ்கிறார்கள். ஆர்ம்லிக் குழந்தையின் மார்பும் ரோரோக் குழந்தையின் மார்பும் ஒரே தசையால் ஆனவை. ஒன்றுக்கு நியாயம் கிடைக்க 60 ஆண்டுகள் ஆயின. மற்றொன்றுக்கு வழக்கு மன்றத்தின் வாசல்கூட எங்கே இருக்கிறதென்று தெரியாது.

ஜப்பானியர் இவ்விஷயத்தில் செய்ததைப் பாருங்கள். ஆமகசாகி என்ற நகரில் குபோட்டா கம்பெனி 1957 முதல் 1975 வரை நீலக் கல்நாரைப் பயன்படுத்தித் தண்ணீர்க் குழாய் செய்தது. 2005 ஜூன் மாதத்தில், ஆலைத் தொழிலாளிகள் பலர் இறந்ததோடு, ஆலையில் வேலையே செய்யாத அண்டை அயலாருக்கும் நோய் கண்டிருக்கிறது என்ற சமாச்சாரம் வெளிப்பட்டது. தேசமே அதிர்ந்தது. ஆராய்ச்சியாளர்கள் படம் வரைந்து பார்த்தபோது, ஆலையிலிருந்து காற்று வீசிய திசையில் இரண்டு கிலோமீட்டருக்கு அப்பால் வரையில் நோய் நீண்டிருப்பது தெரிந்தது. காற்று எந்தப் பக்கம் வீசியதோ அந்தப் பக்கம் சாவும் போயிற்று.

அதற்குப்பின் ஓராண்டுகூடக் கழியவில்லை. 2006 மார்ச்சில் ஜப்பானில் தனிச்சட்டம் ஒன்று அமலுக்கு வந்தது. தொழிலாளர் காப்புறுதியின் கீழ் வராத கல்நார் நோயாளிகளுக்கு, அதாவது ஆலைப் பக்கத்துக் குடியானவருக்கும், தொழிலாளியின் மனைவிக்கும், வைத்தியச் செலவும் மாதந்தோறும் உதவித்தொகையும் கிடைக்க அச்சட்டம் வகை செய்தது. எந்த ஆலையின் தூசி, எந்த நாளில் உட்சென்றது என்று நோயாளி நிரூபித்து அலைய வேண்டியதில்லை. நிதியை மத்திய சர்க்காரும், பிராந்திய சர்க்கார்களும், தொழிலதிபர்களும் சேர்ந்து அளிக்கிறார்கள். நம் நாட்டிலோ தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டத்தின் தொழில்நோய்ப் பட்டியலில் கல்நார் நோய் இடம்பெற்றதெல்லாம் தொழிலாளிக்காக மட்டுமே. அந்தத் தொழிலாளிக்கும் கையில் சம்பளச் சீட்டு இருந்தால்தான் ஆயிற்று. கூரை மாட்டும் கொத்தனாருக்கு அது ஏது?

கல்நார் வியாபாரத்தின் பக்கத்திலிருந்து இரண்டு வாதங்கள் வழக்கமாக வருகின்றன. இன்று பயன்படுவது வெள்ளைக் கல்நார். அது நீலத்தைப்போல் கொடியதன்று. சிமெண்டோடு இறுகிக் கிடப்பதால் வெளிவராது என்பது ஒன்று. இதில் பாதி உண்மை உண்டு. மீசோதீலியோமாவை உண்டாக்குவதில் நீலம் வெள்ளையைவிடப் பலமடங்கு வலிது. ஆனால் வெள்ளை நிரபராதியன்று. கல்நாரின் எல்லா வகைகளும் மனிதருக்குப் புற்றுநோய் விளைப்பவையே என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் சந்தேகத்துக்கிடமின்றிச் சொல்லியிருக்கும் முடிவு. சிமெண்டோடு இறுகிக் கிடப்பது ஆலையிலிருந்து புறப்படும் நாளில் உண்மைதான். மேல்காற்றில் விழுந்து உடையும் நாளில் அது உண்மையா?

இரண்டாவது வாதம், இது ஏழையின் கூரை என்பது. இதை நாம் அலட்சியமாகத் தள்ளமாட்டோம். ஓலைக் கூரையின் பயம் நமக்குத் தெரியும். 2004 ஜூலை 16-ந் தேதி கும்பகோணத்துப் பள்ளிக்கூடத்தில் கூரை பற்றியெரிந்து 94 குழந்தைகள் கருகிப்போன பின்பு, ஓலையை எடுத்துவிடு என்று சொல்லாதவர் யார்? எடுத்த ஓலைக்குப் பதிலாகப் பல இடங்களில் ஏறியது தகரமும் கல்நாரும்தான். நெருப்புக்கு அஞ்சியவன் கைக்கு எட்டியதைப் பிடித்தான்; அவனைக் குறை சொல்வதற்கில்லை. மலிவான, எரியாத, கேடில்லாத வேறொரு கூரையை அவனுக்குக் கிட்டச் செய்யாதவர்களைத்தான் சொல்ல வேண்டும். அப்படிப்பட்ட கூரை இல்லாமலும் இல்லை. கல்நாருக்குப் பதிலாக வேறு நார் கலந்து சிமெண்டுத் தகடு செய்யும் முறை பல தேசங்களில் நெடுநாளாக வழக்கத்திலிருக்கிறது. விலை சற்று அதிகம் என்கிறார்கள். அந்த வித்தியாசத்தைக் கல்நார் இறக்குமதியின்மீது போடும் வரியாலேயே ஈடுசெய்துவிடலாமே!

ஏழையின் கூரை, ஏழையின் கூரை என்கிறோமே, எத்தனை ஏழைகள் தலைமேல் அது இருக்கிறது? 2011-ஆம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்கைப் புரட்டினால், இந்தியாவில் நூற்றுக்குச் சுமார் 16 வீடுகளின் கூரை தகரம் அல்லது கல்நார் என்று காண்கிறது. தகரத்தையும் கல்நாரையும் ஒரே கட்டத்தில் போட்டுக் கூட்டிவிட்டார்கள்! அரிசியையும் கல்லையும் ஒன்றாக அளந்து வைத்தாற்போல இருக்கிறது இந்தக் கணக்கு. இனி எடுக்கும் கணக்கிலாவது இரண்டையும் பிரித்து எழுதினால், எத்தனை லட்சம் குடும்பங்களைப் பற்றிப் பேசுகிறோம் என்பதாவது தெரியும்.

சர்க்காரின் கொள்கையோ இதைவிட விந்தையானது. கல்நார்ச் சுரங்கத்துக்குப் புதுக் குத்தகை கொடுப்பதை இந்தியா 1986-லேயே நிறுத்திவிட்டது. வெட்டினால் தொழிலாளிக்குக் கேடு என்ற ஞானம் அப்போதே உதித்துவிட்டது. ஆனால் ரஷ்யாவிலும் கஜகஸ்தானிலும் பிரேசிலிலும் வெட்டியதை வாங்கிவர மட்டும் தடையில்லை. அண்மை ஆண்டுகளில் வருஷத்துக்கு மூன்று லட்சம் டன்னுக்கு மேல் கல்நார் நம் துறைமுகங்களில் வந்து இறங்கியிருக்கிறது; உலகத்திலேயே இதை அதிகமாக இறக்குமதி செய்யும் தேசம் என்ற பட்டம் நமக்குக் கிடைத்திருக்கிறது. பிரேசிலின் உச்ச நீதிமன்றம் 2017-ல் தன் நாட்டில் இதை வேண்டாமென்று விலக்கியது. ஆனாலும் அங்கிருந்து ஏற்றுமதி நிற்கவில்லை. தன் வீட்டுக்கு ஆகாததை நம் வீட்டுக்கு அனுப்புகிறவனைக் கடிந்துகொள்வது எளிது. வாசலைத் திறந்துவைத்திருப்பவர் யார்? கல்நாரைத் தடுக்கக் கோரிய மனுவைச் சுப்ரீம் கோர்ட்டு 2011-ல் தள்ளியது. 2009-ல் ராஜ்ய சபையில் தனி உறுப்பினர் ஒருவர் கொண்டுவந்த மசோதா சட்டமாகவில்லை. நம் அண்டை நாடான நேபாளம்கூட இதைத் தடைசெய்துவிட்டது.

சிறு தேசங்கள் இதை விலக்க முற்படும்போது என்ன நேர்கிறது என்பதற்கு இலங்கையின் கதை ஒன்று போதும். 2018 ஜனவரி முதல் கல்நார் இறக்குமதியைக் கட்டுப்படுத்திச் சில ஆண்டுகளில் ஒழித்துவிடுவதென்று இலங்கை சர்க்கார் முடிவுசெய்திருந்தது. 2017 டிசம்பரில், இலங்கையிலிருந்து போன தேயிலைச் சரக்கொன்றில் கப்ரா வண்டு ஒன்று காணப்பட்டதாகச் சொல்லி ரஷ்யா இலங்கைத் தேயிலையை நிறுத்திவைத்தது. இலங்கைத் தேயிலையைப் பெருமளவில் வாங்கும் தேசங்களுள் ரஷ்யா ஒன்று. இலங்கைக்குக் கல்நார் விற்கும் தேசமும் அதுவே. சில நாட்களில் கொழும்பு சர்க்கார் கல்நார்த் தடையைத் தள்ளிப்போட்டது. தேயிலைக்கும் வழி திறந்தது. ஒரு வண்டு இவ்வளவு பெரிய ராஜதந்திர வேலையைச் செய்ததை நாம் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை. மலைநாட்டில் அந்தத் தேயிலையைக் கொய்யும் கைகள் பெரும்பாலும் நம் தமிழ்ப் பெண்களின் கைகள் என்பதை நேயர்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. அவர்கள் வயிற்றுப் பிழைப்பைப் பணயமாக வைத்து அவர்கள் தேசத்தின் மூச்சுக்கு விலை பேசப்பட்டது.

பெரிய சர்க்கார்கள் மனம் மாறும்வரையில் வடகரைவாசி என்ன செய்வது? இருக்கிற கூரையை இன்றே பிடுங்கி எறியுங்கள் என்று சொல்பவர் உபகாரத்துக்குப் பதில் அபகாரம் செய்பவர். நல்ல நிலையிலுள்ள தகட்டைக் கலைக்காமல் விடுவதே உத்தமம். அதைக் கம்பித் தூரிகையால் தேய்க்கவும், பாசியைச் சுரண்டவும் கூடாது. மேலே வர்ணம் பூசுவதென்றால் முதலில் நனைத்துக்கொண்டு பூசலாம். மாற்றியே தீரவேண்டிய தகட்டை நன்றாக நனைத்து, உடையாமல் முழுசாக இறக்க வேண்டும். மேலிருந்து தள்ளிவிடுவது நம் வேலையாட்களின் பழக்கம், அதை அனுமதிக்கக் கூடாது. உடைந்து விழுந்ததைக் காய்ந்தபடி கூட்டாமல் தண்ணீர் தெளித்து ஈரத் துணியால் ஒற்றியெடுத்துத் தடித்த பையிலிட்டுக் கட்ட வேண்டும். மின்சார ரம்பம் கொண்டு அறுப்பது எல்லாவற்றிலும் கெட்டது. மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டால் போதுமென்று எண்ணுகிறார்கள். இவ்வளவு மெல்லிய இழையை அந்தத் துணி தடுக்காது. வேலை செய்த உடையை வீட்டுத் துணிகளோடு சேர்த்து உதறித் துவைக்கலாகாது. லண்டன் மனைவிமாரின் கதையை மேலே சொன்னோம்.

பேரூராட்சிக்கும் பஞ்சாயத்துகளுக்கும் ஒரு வார்த்தை. உடைந்த கல்நார்த் தகட்டை இன்று எங்கே கொட்டுகிறார்கள்? குளக்கரையில், ஓடைப் பள்ளத்தில், சேறான பாதையை மேடாக்குவதற்கு. வண்டிச் சக்கரம் ஏறியிறங்க ஏறியிறங்க அது அரைபட்டுத் தூளாகிறது. கோடையில் அந்தத் தூள் கிளம்புகிறது. இதற்கென ஓரிடம் குறித்து, மண்ணுக்குக் கீழே ஆழப் புதைத்து, மேலே மூடி அடையாளக் கல் நடுவது ஒரு பேரூராட்சியின் சக்திக்கு மேற்பட்ட காரியமன்று. சாரல் பருவம் தொடங்குமுன் வைகாசியிலேயே தளர்ந்த கொக்கிகளைப் பார்த்து முடுக்கச் சொல்லித் தமுக்கடித்தால் பாதி உடைசல் குறையும்.

பள்ளிக்கூடங்களின் விஷயம் தனி. மலைக்கு மேற்கே கேரளத்தில், 2009 ஜனவரியிலேயே மாகாண மனித உரிமைக் கமிஷன், பள்ளிகளின் கல்நார்க் கூரையை மாற்றி ஓடு போட வேண்டுமென்று சர்க்காரிடம் கூறியது. மேக்கரைக்கு அப்பால் உள்ள குழந்தைக்கு ஆகாதது இப்பால் உள்ள குழந்தைக்கு ஆகுமா? தென்காசி 2019-ல் தனி ஜில்லாவாகிவிட்டது. கல்வி அதிகாரியும், சுகாதார அதிகாரியும், கலெக்டரும் இப்போது கூப்பிடு தூரத்தில் இருக்கிறார்கள். எந்தெந்தப் பள்ளியில், எந்தெந்த அங்கன்வாடியில், எத்தனை வகுப்பின்மேல் இந்தத் தகடு இருக்கிறது, எதில் விரிசல், எது பூச்சு அரித்தது என்று ஒரு பட்டியல் எடுக்க ஒரு மாதம் போதும். உடைந்தவற்றை முதலிலும் மற்றவற்றைப் பின்னரும், கோடை விடுமுறையில், பிள்ளைகள் இல்லாதபோது மாற்றலாம்.

வைத்தியர்களிடம் நாம் கேட்பது இன்னும் எளிது. மார்பில் நீர் கோத்து, சய மருந்துக்கு இணங்காத நோயாளி வந்தால், என்ன வேலை செய்கிறாய் என்பதோடு நிறுத்தாமல், சிறு வயதில் எந்த ஊரில் இருந்தாய், பக்கத்தில் என்ன ஆலை இருந்தது, உன் தகப்பனும் புருஷனும் என்ன வேலை செய்தார்கள், உன் வீட்டுக் கூரையை யார் அறுத்தார்கள் என்று நான்கு கேள்விகளையும் சேர்த்துக் கேட்டு, விடையைச் சீட்டில் எழுதிவைக்க வேண்டும். மீசோதீலியோமா கண்டால் சுகாதார இலாகாவுக்கு அறிவித்தே தீரவேண்டும் என்று சென்னை சர்க்கார் ஓர் உத்தரவு பிறப்பிக்க வேண்டும். அதற்குப் பார்லிமெண்டின் தயவு வேண்டியதில்லை. ரஷ்யாவின் சம்மதமும் வேண்டியதில்லை.